முதலில் உங்களுக்கென்று ஒரு இலக்கு, அப்புறம்தான் குழுத் தலைமை

மகளிர் சுய உதவிக் குழுக்களில் புதிதாக ஊக்குநர் (குழுவை முன்னின்று நடத்துபவர்), பிரதிநிதி (அவருக்குத் துணையாகப் பொறுப்பு பார்ப்பவர்) ஆனவர்களுக்கு நான் பயிற்சி எடுக்கிறேன். தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். முன்பு எங்கள் குழுவில் நானே ஊக்குநராக இருந்தவள், இப்போது சமுதாய வளப் பயிற்றுநர். பயிற்சிக்கு வருகிறவர்கள் பேரேடு எழுதச் சொல்லித் தருவார்கள் என்று நோட்டும் பேனாவுமாகத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். நான் பேரேட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன். "அடுத்த ரெண்டு வருஷத்துல உங்களுக்குன்னு என்ன வேணும்?"

"பையனை டிப்ளமோ சேர்க்கணுங்க." அது பையனுக்கு. "வாசல்ல ஷீட் போடணும்." அது வீட்டுக்கு. "சரி, உங்களுக்கு?" என்று திரும்பக் கேட்டால் சிரிப்பார்கள். "எனக்கென்னக்கா வேணும், குழு நல்லா நடந்தா போதும்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கேட்க நல்ல பதில்தான். ஆனால் எனக்கு அந்தப் பதில் வந்தாலே கொஞ்சம் பயம். தனக்கென்று ஒன்றும் வேண்டாதவர் பொறுப்புக்கு வந்தால், கொஞ்ச நாளில் அந்தப் பொறுப்பே அவருக்கு வேண்டியதாகிவிடுகிறது. பாஸ்புக் அவர் பீரோவில் இருக்கும், சீல் அவர் கைப்பையில் இருக்கும். பேங்கில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். விதிப்படி மாறியிருக்க வேண்டிய ஊக்குநர் மாறவே மாட்டார். கேட்டால் "வேற யாருக்கும் எதுவும் தெரியாதுங்க" என்பார். தெரியாதபடி வைத்திருப்பதே அவர்தான். தனக்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கிறவர்தான் நோட்டை அடுத்தவர் கையில் மனசார கொடுப்பார். அதனால் இந்த வழிகாட்டியை நான் உங்களிடமிருந்து தொடங்குகிறேன். குழு பிறகு வரும்.

ஆசையைக் கணக்காக எழுதுவது

"மாடு வாங்கணும்" என்பது ஆசை. எங்கள் பக்கம் இதைச் சொல்லாத பெண் கிடையாது. இதை இலக்காக்க வேண்டுமானால் ஒரு தாளில் கணக்காக எழுத வேண்டும். வாருங்கள், ஒன்றாக எழுதிப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்ட கலப்பினப் பசு, கன்றோடு 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 15,000 இருக்கிறது. குழுவில் 40,000 கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 மாதம். அசல் மாதம் 2,000. முதல் மாத வட்டி 400, அடுத்த மாதம் 380, இப்படி மாதம் 20 ரூபாய் குறைந்துகொண்டே வரும். மொத்த வட்டி 4,200 ரூபாய். இதே கடனை, அசல் குறையக் குறைய வட்டி குறையாத முறையில், அதே ஒரு ரூபாய் வட்டி என்று சொல்லி யாராவது கொடுத்தால் 20 மாதத்துக்கு 8,000 ரூபாய் போகும். இரண்டையும் "ஒரு வட்டி" என்றேதான் சொல்வார்கள். கடன் வாங்குகிற இடத்தில் "நிலுவைக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா" என்று கேட்கத் தெரிந்தால் அதுவே பாதிப் பயிற்சி.

இனி வரவு. கறவைக் காலம் முழுக்கச் சராசரியாக ஒரு நாளைக்கு 7 லிட்டர். கன்று போட்ட புதிதில் 9, 10 வரும், கடைசியில் 4, 5 ஆகும், அதனால் சராசரியைத்தான் எழுத வேண்டும். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு அல்லாத மற்ற சத்து) பார்த்து விலை போடுவார்கள். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் நாளுக்கு 245. கலப்புத் தீவனம், மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, லிட்டருக்கு 400 கிராம், ஆக 4.3 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 129, அதை 130 என்று வைப்போம். பசுந்தீவனம் சொந்த வரப்பில் இருக்கிறது, உழைப்பு உங்களுடையது. மிச்சம் நாளுக்கு 115, மாதம் 3,450. முதல் தவணை 2,400 போனால் 1,050 நிற்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். மாடு வருடம் முழுக்கக் கறக்காது. சினையான மாட்டுக்குக் கன்று போடும் முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும். அந்த இரண்டு மாதம் பால் காசு கிடையாது, தவணை உண்டு. கணக்குப்படி அது 11, 12-ஆம் மாதம் வருகிறது. தவணை 2,200-ம் 2,180-ம். தீவனம் நாளுக்கு இரண்டு கிலோ போட்டாலும் 60 நாளைக்கு 3,600. மொத்தம் கிட்டத்தட்ட 8,000 ரூபாய். அதை முந்தின பத்து மாதத்தில் மாதம் 800-ஆக எடுத்துவைத்தால்தான் தாங்கும். அப்போது முதல் மாதம் உங்கள் கைக்கு வருவது 250 ரூபாய்.

ஆமாம், 250. "இதுக்கா இவ்வளவு பாடு" என்று தோன்றும். தோன்ற வேண்டும். முதல் வருடம் மாடு உங்களுக்குச் சம்பளம் தராது, கடனைத்தான் கட்டும். லாபம் கன்றிலும், கடன் முடிந்த பிறகு வரும் பாலிலும் இருக்கிறது. இதை முன்பே எழுதிப் பார்த்தவர் ஆறாவது மாதத்தில் மாட்டை விற்க மாட்டார். இதற்கு மேல் ஆபத்து ஒன்றும் எழுதுங்கள். கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் சினை பிடிக்கவில்லை என்றால் கணக்கு முழுக்கத் தள்ளிப்போகும். மாடு 21 நாளுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும், ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் இன்னொரு 21 நாள் தீவனச் செலவு. விடியற்காலை மாடு கத்துகிறதா, வழும்பு தள்ளுகிறதா என்று பார்ப்பவர் யார் என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். காப்பீடும் மறக்க வேண்டாம்.

தொகை, கெடு, பால் காசு வராத வறண்ட மாதம், ஆபத்து, யார் பொறுப்பு. இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் அது இலக்கு. கெடுவை "ஒரு வருஷத்துல" என்று எழுதாமல் "தைப் பொங்கலுக்குள்ள", "ஆடிப் பதினெட்டுக்குள்ள" என்று எழுதுங்கள். நம் ஊரில் காசு வருவது காலண்டர் மாதத்தைப் பார்த்து இல்லை. புளி உலுக்கும்போது ஒரு காசு, மரவள்ளி பிடுங்கும்போது ஒரு காசு. கெடுவும் அதோடு சேர்ந்து நின்றால்தான் நிற்கும்.

காசில்லாத இலக்கும் ஒன்று வேண்டும்

என்னுடையது லைசென்ஸ். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒன்று. வட்டார அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வண்டி எடுக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை வந்தால் எனக்குக் கூட்டம் கிடையாது. ஊக்குநருக்கு என்ன திறமை வேண்டும் என்று பயிற்சிப் புத்தகத்தில் பெரிய பட்டியல் இருக்கிறது, அதில் வண்டி ஓட்டத் தெரிவது கிடையாது. என்னைக் கேட்டால் முதல் வரியில் அதைத்தான் போடுவேன்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்தால் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக் காட்டலாம். கெடு அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. காலையில் கோயில் திடலில் செங்கல் வைத்து எட்டு போட்டுப் பழகினேன். சின்னப் பசங்கள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருப்பார்கள், "அத்தை காலை ஊணாதீங்க" என்று கத்துவார்கள். எட்டு போடும்போது கால் தரையில் படக் கூடாது என்பது எனக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தது. வெட்கம் முதல் வாரத்தோடு போய்விட்டது. அந்த வெட்கம் போனதுதான் பின்னால் கிராம சபையில் எழுந்து நிற்கும்போது உதவியது.

உங்களுக்கு அது பத்தாவது தனித்தேர்வாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்வதாக இருக்கலாம். ஒரே நிபந்தனை, நீங்கள் சொந்தக் காலில் போய்ச் செய்வதாக இருக்க வேண்டும், முடிந்ததா இல்லையா என்று அடுத்தவர் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "தைரியம் வரணும்" என்று எழுதாதீர்கள். "மே 1 கிராம சபையில் ஒரு கேள்வி கேட்கணும்" என்று எழுதுங்கள்.

எழுதிய தாளைக் குழுவில் ஒருவரிடமாவது படித்துக் காட்டுங்கள். கேலி செய்யாதவராகப் பார்த்து.

படிப்பு இல்லை என்று பின்வாங்குகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. அப்போது தொடங்கிய முதல் குழுக்களில் சேர்ந்தவர்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்ததாக எங்கள் மாமியார் காலத்து ஆட்கள் சொல்வார்கள். படிப்பைச் சாக்காகச் சொல்கிறவர்களிடம் நான் மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றித்தான் பேசுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகும் கொத்துத் தலைவி. களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தலைவியானார். விருது கொடுக்கும்போது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ.

இதில் நான் பார்ப்பது விருதை இல்லை, கொத்துத் தலைவி என்பதை. வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவருக்குத் தெரியும், யார் எவ்வளவு வேலை செய்வாள், யார் வீட்டில் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது, நிலத்துக்காரரிடம் கூலியை எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது. உங்களுக்கும் இதில் ஏதோ ஒன்று ஏற்கெனவே தெரியும். நாற்று நடவுக்கு ஆள் சேர்த்திருப்பீர்கள், சீட்டு பிடித்திருப்பீர்கள், மாரியம்மன் பண்டிகைக்கு வரி வசூல் செய்திருப்பீர்கள். தலைமையை அங்கிருந்து எடுங்கள். மேடைப் பேச்சிலிருந்து எடுக்காதீர்கள்.

கூட்டம் நடத்துவது

குழு நடக்கிறதா இல்லையா என்பதைக் கூட்டத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சொல்லிவிடலாம். பஞ்ச சூத்திரம் என்று ஐந்து சொல்வார்கள்: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடன்), தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது, அன்றன்று எழுதிய கணக்கு. முதலாவது கெட்டால் மற்ற நான்கும் தானாகக் கெடும்.

வட்டமாக உட்காருங்கள். ஊக்குநர் நாற்காலியிலும் மற்றவர்கள் பாயிலும் இருந்தால் அது கூட்டம் இல்லை, பஞ்சாயத்து. சொன்ன நேரத்துக்கு வருகைப் பதிவைத் தொடங்குங்கள், மூன்று பேர் இருந்தாலும் சரி. அடுத்த கூட்டத்துக்கு ஆறு பேர் நேரத்துக்கு வருவார்கள். போன கூட்டத் தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் படிக்காதீர்கள். சேமிப்புக் காசை வட்டத்தின் நடுவில் போட்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய எண்ணுங்கள். எண்ணுகிற வேலையைக் குழுவிலேயே பேசாத ஆளிடம் கொடுங்கள். கூச்சமுள்ளவரைப் "பேசு பேசு" என்றால் இன்னும் ஒடுங்குவார். காசை எண்ணச் சொன்னால், எண்ணி முடித்துத் தொகையைச் சத்தமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஆயிரத்தி இருநூறு" என்பதுதான் அவர் கூட்டத்தில் பேசும் முதல் வார்த்தை. ஒருவர் சண்டை போட்டு "இன்னொரு தடவை எண்ணு" என்பார். இவர் எதிர்த்து "நான் சரியாத்தான் எண்ணினேன்" என்பார். அன்றைக்கு ஒரு பிரதிநிதி தயார்.

கடன் கேட்கிறவர் தன் கணக்கைத் தன் வாயால் சொல்ல வேண்டும், மேலே எழுதினோமே அந்த ஒரு பக்கக் கணக்கு. மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். ஊக்குநர் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் "கொடுக்கலாம்" என்றால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் மனசில் இருப்பது கூட்டம் முடிந்து தெருக்குழாயடியில்தான் வெளியே வரும்.

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது, போடவும் கூடாது. "அப்புறம் எழுதிக்கலாம், எல்லாரும் கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க" என்பது பல குழுக்களில் பழக்கமாகிவிட்டது. நான் பார்த்த குழுத் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை அங்கேதான் இருந்தது. பேங்க் கடன் வந்தால் ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதும் அப்படி ஒரு பழக்கம். நியாயமாகத் தெரியும். ஆனால் தேவையில்லாதவர் வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார், பிறகு யார் கட்டுவது என்பதில் சண்டை. இன்னொருவர் பெயரில் கடன் எடுப்பதை ஊக்குநர் ஒருபோதும் செய்யக் கூடாது, "ரெண்டே மாசம்க்கா" என்று யார் கெஞ்சினாலும் அனுமதிக்கவும் கூடாது. ஊக்குநருக்குக் கடன் வரிசையில் கடைசி இடம்.

தவணை கட்டாதவர் வீட்டுக்குப் போவது

தலைமை என்பதை நான் இந்த வேலையில்தான் அளப்பேன். கூட்டமாகப் போய் வாசலில் நிற்பது பழைய வழி. பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும், அவமானத்தில் காசு வரும், ஆள் போய்விடுவார். ஒருவராகப் போங்கள், கூடப் போனால் ஒரு பிரதிநிதி. மாலை வேலை முடிந்த நேரமாகப் பாருங்கள். உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"தங்கச்சி, உள்ள வரலாமா?"

"வாக்கா. நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியுது. காசு இல்லக்கா."

"இல்லைன்னு தெரிஞ்சுதான் வந்தேன். இருந்தா நீயே வந்திருப்ப. புளி எப்ப உலுக்குறீங்க?"

"மாசி கடைசில."

"அப்ப பங்குனி கூட்டத்துல எவ்வளவு முடியும்?"

"நாலாயிரம் கட்டுறேன்க்கா. அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்."

"சரி. அதுவரைக்கும் வட்டி மட்டும் கட்டிக்கிட்டு வர்றியா?"

"வட்டி எவ்வளவு ஆவுது?"

"பதினாறாயிரம் நிக்குது. மாசம் நூத்தி அறுபது."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்து கூட்டத்துக்கே வரல."

"அடுத்த கூட்டத்துக்கு வா. இதை நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

கடைசி வரி முக்கியம். அவர் சார்பாக நீங்கள் கூட்டத்தில் பேசினால் அவர் உங்களுக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவார், குழுவுக்கு இல்லை. அவரே சொன்னால் மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள், தீர்மானத்திலும் ஏறிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே "ஏன் கட்டல" என்ற கேள்வியே வரவில்லை. எப்போது, எவ்வளவு என்ற கேள்விதான். ஏன் என்று கேட்டால் கதை வரும், கதை கேட்டால் கண்ணீர் வரும், எழுந்து வரும்போது தேதியும் இருக்காது, தொகையும் இருக்காது.

பேங்கும் கிராம சபையும்

பேங்குக்கு இரண்டு பேராகப் போங்கள், ஒவ்வொரு முறையும் ஒருவரை மாற்றி. தீர்மான நகல், பேரேடுகள், பாஸ்புக், உறுப்பினர்களின் ஆதார் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நாற்காலி காலியாக இருந்தால் உட்காருங்கள். ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கடன் இணைப்புக்கு, அதாவது பேங்க் குழுவுக்குக் கடன் கொடுக்க, குழு ஆறு மாதம் செயல்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும், பேங்கில் கணக்குத் தொடங்கிய தேதியை வைத்து இல்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. 20 லட்சம் வரை குழுக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "சார், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி, எதுல குறைன்னு எழுதிக் கொடுத்தா சரி பண்ணிட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் பாதிக் குறை காணாமல் போகும்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வந்தால்தான் சபை செல்லும். ஊரில் எட்டுக் குழு இருந்தால் அந்த நூறு பேர் நீங்களே. இதைத் தலைவர்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள், நாம்தான் உணர்வதில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

முதல் முறை பேசுகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதையும் எழுதி, வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். "தண்ணி வரலை" என்று சொன்னால் "பாக்கலாம்மா" என்று பதில் வரும். "கிழக்குத் தெரு மோட்டார் பழுதுக்கு இந்த வருஷம் எவ்வளவு செலவு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால் யாராவது நோட்டைப் புரட்டியே ஆக வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. குழுவில் நோட்டு எழுதிப் பழகிய பெண்கள் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் நிற்கிறார்கள். ஜெயித்த பிறகு வீட்டுக்காரரே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் ஊர்களும் இருக்கின்றன, அதையும் மறைக்க ஒன்றுமில்லை. கூட்டத்தை நடத்தி, கணக்கைப் படித்து, கையெழுத்துப் போடும் முன் பக்கத்தைப் பார்க்கப் பழகியவரிடம் அந்த நாற்காலியை அவ்வளவு எளிதாக வாங்க முடியாது.

பொறுப்பை ஒப்படைப்பது

பொறுப்பு எடுத்த அன்றே அடுத்தவர் யார் என்று யோசித்துவிடுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம், சொன்னால் பொறாமை. மாதம் ஒரு வேலை என்று கைமாற்றிக்கொண்டே வாருங்கள். ரொக்கப் புத்தகத்தை முதலில் கொடுங்கள், கடன் பேரேட்டைக் கடைசியில். கடன் பேரேட்டில்தான் தப்பு வந்தால் சண்டை வரும். நடுவில் ஒரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே போகாமல் இருங்கள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. கூட்டம் நடந்து, காசு எண்ணி, மறுநாள் பேங்கில் கட்டியிருந்தால் உங்கள் குழு தேறிவிட்டது. நடக்கவில்லை என்றால் இன்னும் எந்த வேலை உங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும்.

பேங்கில் கையெழுத்து மாற்றுவது நினைப்பதைவிட நாளாகும். புது ஊக்குநர், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த தீர்மானம் வேண்டும், அதில் எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும் வேண்டும், புதியவர்களின் ஆதாரும் போட்டோவும் வேண்டும். பழையவர்களும் நேரில் வரச் சொல்வார்கள். அதனால் புளி சீசனிலோ நடவு நேரத்திலோ இதை வைத்துக்கொள்ளாதீர்கள், ஆளைச் சேர்ப்பதே கஷ்டம். மாற்றம் முடியும் வரை காசோலைப் புத்தகத்தைப் புதியவரிடமே கொடுத்துவையுங்கள், கையெழுத்துக்கு அவர் உங்களைத் தேடி வரட்டும். சீல், பேரேடுகள், பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கூட்டத்தில் வைத்து, பெயர் பெயராகப் படித்து ஒப்படைத்து, அதையும் தீர்மானத்தில் எழுதி, கீழே மிச்சமுள்ள வெற்று இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுவிடுங்கள்.